கண் மங்கல், காது பளிச்!

பங்குனித் திருநாளில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரத்துக்கு எழுந்தருளும் நாளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. பேரன் உருவில் வந்து ஒரு பாட்டியின் கையால் சோறு வாங்கி உண்டவன் ரங்கன் என்று கதை சொல்லும் ஊர் அது. அதனாலோ என்னவோ, கேமராவோடு வருகிற கல்லூரிப் பையன்கள் பல்லக்கை எடுத்த கையோடு தேடுவது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளின் முகத்தைத்தான்.

அப்படி ஒரு பையன். கையில் கேனான் 1500டி. கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டியிருக்கிறான். பின்னால் இருக்கிற வாழைத்தோட்டம் பச்சைப் புகையாகக் கரைந்துபோக, கேமராவின் குட்டித் திரையில் படம் அபாரமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் காதுத் தோடு பளிச்சென்று இருக்கிறது, கண் மட்டும் மங்கல். மறுபடி எடுக்கலாம் என்றால் அடுத்த பங்குனி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பாட்டி இருக்க வேண்டும்.

உடனே விழுகிற திட்டு லென்ஸுக்குத்தான். "மலிவு விலை பிளாஸ்டிக் லென்ஸ், இவ்வளவுதான் வரும்!" இது பாதி நியாயம் கூட இல்லை. திறப்பை முழுதாக விரித்தால் இந்த லென்ஸ் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும், உண்மை. ஆனால் லென்ஸ் சரியில்லை என்றால் படம் முழுக்க மங்கலாக இருக்க வேண்டும். தோடு தெளிவாக விழுந்திருக்கிறதே! போகஸ் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில், இந்த கேமராவில், எஃப் 1.8-ல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் 3 செ.மீ. கூட இல்லை. கிட் லென்ஸில் 55 மி.மீ., எஃப் 5.6 வைத்தால் அதே ஒன்றரை மீட்டரில் சுமார் 16 செ.மீ. கிடைக்கும். கேமரா செய்கிற சின்னத் தவறை இத்தனை நாளாக கிட் லென்ஸ் மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். புது லென்ஸ் அதைப் போட்டுக் கொடுக்கிறது.

தவறில் பையனுக்கும் பங்கு உண்டு. நடுப் புள்ளியைக் கண்ணில் வைத்து போகஸ் செய்துவிட்டு, அப்புறம் கேமராவைச் சாய்த்து முகத்தை ஓரத்துக்குத் தள்ளுவது எல்லோருக்கும் பழக்கம். ஒரு மீட்டரில் பத்து டிகிரி சாய்த்தாலே போகஸ் தளம் ஒன்றரை செ.மீ. பின்னால் போய்விடும். இருக்கிற 3 செ.மீ.-யில் இது பெரிய திருட்டு. 9 புள்ளிகள்தான் இருந்தாலும், கண்ணுக்கு அருகில் இருக்கிற புள்ளியைத் தேர்ந்தெடுப்பதே மேல். வ்யூஃபைண்டரில் பார்த்துக் கையால் திருகலாம் என்றால் அதுவும் சிரமம். சிறியது என்பது ஒரு பக்கம், எஃப் 1.8-ன் உண்மையான மங்கலை அது காட்டுவதே இல்லை.

மீதித் தவறு கேமராவுடையது. எஸ்எல்ஆர் கேமராவில் போகஸ் பார்க்கிற சென்சார் வேறு, படம் எடுக்கிற சென்சார் வேறு. பெரிய கண்ணாடியின் பின்னால் இருக்கும் ஒரு குட்டிக் கண்ணாடி, வெளிச்சத்தைக் கீழே இருக்கிற போகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. இந்த இரண்டு பாதைகளின் நீளத்தில் முடியளவு வித்தியாசம் இருந்தாலும், கேமரா "சரி" என்று பீப் அடிக்கும், படம் தப்பாக வரும்.

இதைத் திருத்த வழி இருக்கிறது. விலை கூடிய கேமராக்களில் மெனுவுக்குள் போய் போகஸை முன்னே பின்னே நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். 2008-ல் வந்த கேனான் 50டி-யில் இந்த வசதி இருந்தது. 2010-ல் வந்த 60டி-யில் எடுத்துவிட்டார்கள். 2013-ல் 70டி-யில் திரும்பக் கொடுத்தார்கள். இடையில் தொழில்நுட்பம் மறந்தா போயிற்று? வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது புரியும்: மேல் மாடலுக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகக் கீழ் மாடலில் ஒன்றைப் பிடுங்குவது. நிக்கான் 2006-ல் டி40-ல் போகஸ் மோட்டாரையே எடுத்துவிட்டது. மலிவான 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை அதில் மாட்டினால் ஆட்டோபோகஸே கிடையாது. செலவைக் குறைத்தார்கள் என்று அதையாவது மன்னிக்கலாம். மெனுவில் நாலு வரி சேர்ப்பதற்கு என்ன செலவு? மாணவன் வாங்கக்கூடிய ஒரே போர்ட்ரெய்ட் லென்ஸை விற்றுவிட்டு, அதற்கு மிக அவசியமான திருத்தத்தை மட்டும் தராமல் விடுவது நியாயமில்லை. சிக்மா, டாம்ரான் நிறுவனங்கள் லென்ஸ் பக்கமிருந்தே திருத்தும் கருவி கொடுத்தார்கள். ஆனால் அதற்கேற்ற லென்ஸ் வாங்கப் போனால் கேமராவின் விலையையே விழுங்கிவிடும் :-)

இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் படம் எடுக்கும் சென்சாரே போகஸும் பார்ப்பதால் இந்தத் தலைவலி இல்லை. பழைய எஸ்எல்ஆரை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு இன்னும் இருக்கிறது.

சோதனை சுலபம். முக்காலியில் கேமராவை வைத்து, ஒரு தீப்பெட்டியை நிறுத்தி, பக்கத்தில் ஸ்கேலைச் சாய்த்து வையுங்கள். வ்யூஃபைண்டர் வழியாக ஆறு படம், லைவ் வியூவில் ஆறு படம், ஒவ்வொரு முறையும் போகஸைக் கலைத்துவிட்டு. லைவ் வியூ படங்கள் மட்டும் தொடர்ந்து தெளிவாக இருந்தால் குற்றவாளி கேமராதான். உத்தரவாதக் காலம் இருந்தால், லென்ஸையும் கேமராவையும் சேர்த்தே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். லென்ஸை மட்டும் கொண்டுபோய்ப் பிரயோஜனமில்லை.

அதுவரை பாட்டிக்கு லைவ் வியூதான். அது படம் எடுக்கும் சென்சாரையே பார்த்து போகஸ் செய்கிறது. திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, கண் இமையில் போகஸ் வைத்து, எஃப் 2.8, ஷட்டர் 1/125-க்குக் குறையாமல். மெதுவான வேலைதான், ஆனால் திண்ணையில் இருப்பவர் எங்கே ஓடப் போகிறார்? பல்லக்குக்கு மட்டும் இது உதவாது. அது வரும்போது வ்யூஃபைண்டருக்கே திரும்பி, எஃப் 4-க்கு மாற்றிக்கொள்ளலாம். வாழைத்தோட்டம் கொஞ்சம் தெரிந்துவிட்டுப் போகட்டுமே.