எஞ்சினுக்கு வண்ணம் பூசுவோம், வேடம் போட வேண்டாம்!



மளிகைக் கடைக்குத் தராசு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இன்று இரு சக்கர வண்டி. மீஞ்சூர், அத்திப்பட்டு, வள்ளூர் பக்கம் வீட்டுக்கு வீடு சரக்குப் போய்ச் சேருவது அதன் முதுகில்தான். தராசை நாள்தோறும் துடைக்கும் நாம், வண்டி எஞ்சினை வருடக்கணக்கில் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம் பகுதியின் காற்று சாதாரணக் காற்று அல்ல. ஒரு பக்கம் கடல் உப்பு. மறுபக்கம் வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம், நிலக்கரி, சாம்பல், கன்டெய்னர் லாரிப் புழுதி. எஞ்சினில் கசியும் ஆயிலில் இந்தத் தூசு ஒட்டிக் கம்பளிபோல் படிகிறது. சிலிண்டரைச் சுற்றித் தட்டுத் தட்டாக இருக்கும் ஃபின்கள் வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். அவை அடைபட்டால் எஞ்சின் கொதிக்கும். ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வண்டி நின்றால் வியாபாரமும் நிற்கும்.

ஆகவே வருடத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே சுத்தம் செய்து வண்ணம் பூசலாம் என்பது நம் கருத்து. ஆனால் முறையோடு செய்ய வேண்டும்.

நாம் பட்ட பாட்டைச் சொல்கிறோம். 1955-ல் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கி, திருவொற்றியூரில் உருவான புல்லட் நம் வட்டாரத்தின் பெருமை. அப்படி ஒரு பழைய புல்லட் நம்மிடமும் உண்டு. கடைப் பையன் நல்லெண்ணத்தோடு நம் அலமாரியிலிருந்தே சலவை சோடாவைக் கரைத்து எஞ்சினைத் தேய்த்துவிட்டான். அலுமினியப் பாகம் முழுவதும் கறுத்துப் போயிற்று. சோடாவும் காஸ்டிக்கும் அலுமினியத்துக்கு ஆகாது. விற்கத் தெரிந்த நமக்கு அது தெரியவில்லை. குற்றம் பையனுடையது அல்ல.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் பிளாஸ்டிக் பை கட்டி அடைக்க வேண்டும். பிளக்கைக் கழற்றக் கூடாது. மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அது தீயை அழைப்பது. வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். குடோனில் செய்தால் அரிசியும் பருப்பும் அந்த வாடையை வாங்கிக்கொள்ளும். பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. அதில் துருவைச் சுரண்டி எடுத்து, சூடு தாங்கும் பெயிண்டை மெல்லியதாக இரு முறை பூச வேண்டும். சாதாரண எனாமல் கருகி உரியும். தடிமனாகப் பூசினால் அதுவே இன்னொரு கம்பளி. அலுமினியப் பாகத்துக்குப் பெயிண்டைவிடத் துணியால் மெருகேற்றுவதே மேல்.

இந்த வேலையைப் பையனிடம் விடுமுறை நாளில் சும்மா வாங்கக் கூடாது. கையுறை கொடுங்கள், கூலியும் கொடுங்கள்.

இன்னொன்று. கசிவை அடைக்காமல் மேலே வண்ணம் பூசி, "புதுசு மாதிரி இருக்கிறது" என்று அடுத்தவர் தலையில் கட்டுவோரும் உண்டு. பருப்புக்குச் சாயம் ஏற்றி விற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சுத்தம் செய்வதன் முதல் லாபமே கசிவு எங்கே என்று கண்ணுக்குத் தெரிவதுதான். முதலில் கேஸ்கெட்டை மாற்றுங்கள், பிறகு பெயிண்டைத் தொடுங்கள்.

கடைசியாக, கழுவிய அழுக்கு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதையும், மீனவர்களின் படகும் வலையும் பாழானதையும் நாம் கண்டோம். அந்த மீனவர்கள் நம் வாடிக்கையாளர்கள். அன்று பெரிய இடத்தைக் குறை சொன்ன நாம், நம் வாளியை அதே கால்வாயில் கவிழ்க்கலாமா? டின்னில் பிடித்து, பழைய ஆயில் சேர்க்கும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கடையின் நாணயம் கல்லாவில் மட்டும் இல்லை. வாசலில் நிற்கும் வண்டியிலும் இருக்கிறது.