கையெழுத்திடப்படாத கோப்பு

2020 பிப்ரவரி 25, நள்ளிரவு கடந்த நேரம். வடகிழக்கு டெல்லியின் முஸ்தபாபாத்தில், சிறிய மருத்துவமனை ஒன்றில் வகுப்புவாத வன்முறையில் காயமுற்றோர் சிக்கிக் கிடந்தனர். பெரிய மருத்துவமனைக்கு அவர்களைக் கொண்டுசெல்ல ஆம்புலன்ஸுக்கு வழியில்லை. நீதிபதி எஸ்.முரளிதரின் இல்லத்திலேயே கூடிய டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, அவர்களைப் பாதுகாப்பாக அழைத்துச் செல்லுமாறு காவல்துறைக்கு ஆணையிட்டது. பொழுது விடிந்தபின், வெறுப்புப் பேச்சு பேசிய பாஜக தலைவர்கள் மீது வழக்குப் பதிவது குறித்து ஒரு நாளில் முடிவெடுக்குமாறு அவரது அமர்வு உத்தரவிட்டது. அன்றிரவே அவரைப் பஞ்சாப்-ஹரியானாவுக்கு மாற்றும் அறிவிக்கை வந்தது.

கொலிஜியம் பிப்ரவரி 12இலேயே பரிந்துரைத்ததைத்தான் நிறைவேற்றினோம் என்பது மோடி அரசின் வாதம். பரிந்துரை பழையதுதான், மறுப்பதற்கில்லை. அப்படியானால் இன்னொரு பரிந்துரைக்கு நேர்ந்ததென்ன? 2022 செப்டம்பர் 28 அன்று, ஒடிசாவின் தலைமை நீதிபதியாயிருந்த அவரைச் சென்னைக்கு மாற்றக் கொலிஜியம் பரிந்துரைத்தது. உடன் பரிந்துரைக்கப்பட்ட ராஜஸ்தான் மாறுதல் இரண்டே வாரங்களில் நடந்தேறியது. இவரது கோப்போ ஆறு மாதங்களுக்கு மேல் அசையவில்லை. மறுப்பும் இல்லை, காரணமும் இல்லை. 2023 ஏப்ரலில் கொலிஜியம் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் அவர் ஓய்வுபெற்றார்.

இழப்பு அவருக்கல்ல. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை எதிர்த்து வழக்காடியது எச்ஐவி தடுப்புப் பணி செய்த ஓர் அமைப்பு. சிறைக்கு அஞ்சி ஒளிந்து வாழ்வோரிடம் மருத்துவம் சென்று சேராது என்பதை ஏற்று 2009இல் தீர்ப்பளித்த இருவரில் அவர் ஒருவர். 2010இல், பிரசவத்துக்குப் பின் மாண்ட ஓர் ஏழைத் தலித் பெண்ணின் வழக்கில், தாய்மைக்கால மருத்துவம் வாழ்வுரிமையின் பகுதி என்றார். வேறு மாநிலத்துக்குப் பிழைக்கச் சென்ற கர்ப்பிணிக்கும் அங்கேயே திட்டப் பலன் கிடைக்க வேண்டும் என்றார். செங்கற்சூளைகளிலும் கட்டுமானத் தலங்களிலும் உழலும் பெண்களுக்கு இத்தீர்ப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

எந்த வழக்கை எந்த அமர்வு விசாரிப்பது என்று வகுப்பவர் தலைமை நீதிபதி. புதிய நீதிபதிகளின் பெயர்களை முன்மொழிவதும் அவர் தலைமையில்தான். ஆகவே ஒரு கோப்பைக் கிடப்பில் போடுவது என்பது, இன்னும் தாக்கலாகாத பொதுநல வழக்குகளின் மீதும் கைவைப்பதாகும். ஆட்சியாளர்களுக்கு இது நன்கு தெரியும். அதனால்தான் மௌனம்.

கொலிஜியமும் குற்றமற்றதன்று. டெல்லியிலிருந்து அவரை அகற்றப் பரிந்துரைத்ததும் அதுவே, உச்ச நீதிமன்றத்துக்கு அவரை அழைக்காததும் அதுவே. 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த நியமன ஆணையமோ, சட்ட அமைச்சரை உள்ளே அமர்த்தி, எந்த இரு உறுப்பினரும் ஒரு பெயரைத் தடுக்கலாம் என்றது. இடதுசாரிகள் கோருவது அரசின் பிடியிலும் மூடிய அறையிலும் சிக்காத தேசிய நீதித்துறை ஆணையம். அதில் ஏற்பும் மறுப்பும் காரணத்துடன், காலக்கெடுவுக்குள், எழுத்தில் பதிவாக வேண்டும்.