ஏலத்தில் எடைபோடப்படும் கலை

பழைய திரைப்படப் பொருள்களின் விலையைக் கலைப்பற்றே உயர்த்துகின்றது என்பர் சேகரிப்போர். வரலாறு இதனை மறுக்கின்றது.

1939இல் வெளிவந்த 'த விசார்ட் ஒவ் ஓஸ்' படத்திற்காகச் செய்யப்பட்ட செந்நிறக் காலணிச் சோடியொன்று, எம்.ஜி.எம். நிறுவனம் கழித்துவிட்ட பொருள்களோடு 1970இல் 15,000 டொலருக்கு ஏலம் போயிற்று. 2024இல் மற்றொரு சோடி பெற்ற ஏலவிலை 2.8 கோடி டொலர். பணவீக்கம் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்காது. படத்தின் கலைத்தரமும் இடையில் வளர்ந்துவிடவில்லை. வளர்ந்தது, முதலீட்டுக்கு இடம் தேடிய செல்வமே.

நடிகை டெபி ரெனோல்ட்ஸ் தாம் சேர்த்த ஆடைகளுக்கு நிலையானதொரு நூதனசாலை அமைக்கப் பல்லாண்டு முயன்றார். போதிய நிதி கிட்டவில்லை. 2011இல் அவற்றை விற்க முன்வந்தபோதோ, மர்லின் மன்றோவின் வெள்ளாடை ஒன்றே 46 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. மக்கள் காண்பதற்குக் கிடைக்காத பணம், தனியொருவர் உடைமையாக்குவதற்குத் தாராளமாகக் கிடைத்தது.

இதனைக் கலைப்பற்று என்பது பொருந்தாது. இது வணிகம்; கலை அதற்கு இட்ட முகமூடி.