ஹெலிகாப்டர்: தவறான இடத்தில் வெட்டப்பட்ட சொல்

'ஹெலிகாப்டர்' என்னும் சொல் இரண்டு கிரேக்க வேர்களின் சேர்க்கை. 'ஹெலிக்கோ' சுருளைக் குறிக்கும். 'ப்டெர்' சிறகைக் குறிக்கும். பிரிக்க வேண்டிய இடம் அவ்விரண்டுக்கும் நடுவே. உலகமோ 'ஹெலி' என்றும் 'காப்டர்' என்றும் வெட்டிக்கொண்டது. ஹெலிபேட், ஹெலி ஆம்புலன்ஸ், குவாட்காப்டர் ஆகிய சொற்கள் அந்தத் தவறான வெட்டில் பிறந்தவை. மொழியியலார் இதனை மறுபகுப்பு என்பர். மொழிக்கு இதனால் நட்டமில்லை. வழக்கு ஏற்றுக்கொண்டதை இலக்கணமும் ஏற்றுக்கொள்ளும். அதே வெட்டு பொருளின்மேல் விழும்போதுதான் நட்டம் உயிர்க்கணக்கில் வருகிறது. அவசர மருத்துவம் ஒரு தொடர்: அழைப்பவர், அழைப்பை ஏற்பவர், அருகில் இருந்து முதலுதவி தருபவர், வாகனம், வழி, மருந்து, மருத்துவர். இத்தொடரிலிருந்து வாகனத்தை மட்டும் துண்டித்தெடுத்துப் போற்றுவதே இன்று 'வான் ஆம்புலன்ஸ்' ஆர்வம் என்னும் பெயரில் உலவுகிறது. இப்பதிவு அந்த ஆர்வத்துக்கு எதிரானது.

அவ்வார்வத்தின் மாசற்ற வடிவம் அமெச்சூர் வானொலியாளரிடம் காணக்கிடைக்கும். கொச்சியை அடுத்த ஏலூரில், பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த தொழிற்சாலைத் தீவில், மொட்டைமாடியில் ஆண்டெனா நட்டிருக்கும் ஒரு ஹாம் ஆர்வலரை எண்ணிப் பார்க்கலாம். அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் நண்பர்களோடு உரையாடுபவர். வானூர்திகள் 1090 மெகாஹெர்ட்ஸில் உமிழும் இருப்பிடக் குறிகளைக் கணினித் திரையில் புள்ளிகளாக்கிப் பார்ப்பவர். கடற்படையின் சேதக் எது, துருவ் எது என்பதை ஓசையிலேயே அறிவார். உறுப்பு மாற்று அறுவைக்காக ஓர் இதயம் வான்வழியே கொச்சிக்கு வரும் நாள் அவருக்குத் திருநாள். கேரளத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு ஹெலிபேட் வேண்டும் என்பது அவர் கனவு.

இவரை எள்ளி நகையாட எவருக்கும் தகுதியில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் சிறப்பு வானொலி நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் குழுவினர், அறுந்துபோன தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்குக் கடத்தினர். 2018 கேரள வெள்ளத்திலும் ஹாம் ஆர்வலர்கள் ஊதியமின்றி உழைத்தனர். செய்தி சென்று சேர்ந்தால்தான் உதவி வரும் என்பதைத் தம் கைகளால் கற்றவர்கள் அவர்கள். தம் கலையின் சாரத்தை இவ்வளவு தெளிவாக அறிந்த ஒருவர், சுழலும் இறக்கையைக் கண்டதும் அதனை மறந்துவிடுவது ஏன் என்பதே கேள்வி. மறதி அவருக்கு மட்டும் உரியதன்று. ஊடகமும் அரசும், தொழில்நுட்பம் பற்றி ஆய்வேடு எழுதும் பல்கலைக்கழகமும் அதே மறதியில்தான் திளைக்கின்றன.

ஆர்வலர் தரப்பின் வலிமையான சான்றுகள் இரண்டு. முதலாவது, 2018 ஆகஸ்ட் 17. ஆலுவாவில் வெள்ளம் சூழ்ந்த வீட்டிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைக் கடற்படை ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கியது. அன்றே கடற்படையின் சஞ்சீவனி மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. அந்த விமானியின் திறமையை மறுப்பவர் இலர். எனினும் அதே வெள்ளத்தில் 4,537 மீனவர்கள் 669 படகுகளில் வந்து, குறைந்தது 65,000 பேரை மீட்டனர் என்பது கேரள அரசு தரப்பில் சொல்லப்பட்ட கணக்கு. கயிற்றில் தொங்கிய காட்சி உலகம் முழுதும் ஓடியது. படகுகள் செய்திகளின் இரண்டாம் பத்தியில் நின்றன. மீட்பின் பெரும்பகுதி தண்ணீரின் மட்டத்தில்தான் நடந்தது.

இரண்டாவது சான்று, 2020 மே 9. திருவனந்தபுரத்தில் மூளைச்சாவடைந்த ஒருவரின் இதயம், மாநில அரசு வாடகைக்கு எடுத்த பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டரில் கொச்சிக்கு வந்தது. போல்காட்டியில் உள்ள விடுதியின் தளத்தில் இறங்கி, காவலர் ஒழுங்குபடுத்திய சாலை வழியே லிசி மருத்துவமனையை அடைந்தது. எடுக்கப்பட்ட இதயம் தாங்கக்கூடியது ஏறத்தாழ நான்கு மணி நேரம். இருநூறு கிலோமீட்டருக்கு வான்வழி பொருத்தமானதே. ஆனால் அந்த ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸாக வாங்கப்பட்டதா? மாவோயிஸ்டு கண்காணிப்பு, பேரிடர் மீட்பு முதலியவற்றைக் காரணங்காட்டிக் காவல்துறைக்காக எடுக்கப்பட்டது அது. மாதம் 20 மணி நேரப் பறப்புக்கு 1.44 கோடி ரூபாய், மணிக்கு 7.2 லட்சம். அந்த வாடகை குறித்த சர்ச்சை உச்சத்தில் இருந்தபோதுதான் இதயம் பறந்தது. ஒரே பறப்பில் அவ்வூர்தியின் பெயர் மாறியது. பெயர் மாறியதும் கணக்குக் கேட்டவர்கள் இரக்கமற்றவர்கள் ஆயினர். ஒரு சொல் ஒரு கேள்வியை இல்லாமலாக்கும் விதத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் வகுப்பறையில் கிடைக்காது.

அதே வசந்தத்தில் கேரளத்தின் வடக்கு முனையில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் இறுதியில், பெருந்தொற்று ஊரடங்கைக் காரணங்காட்டிக் கர்நாடகம் தலப்பாடி எல்லையை அடைத்தது. உயர்சிகிச்சைக்கு மங்களூரையே நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் ஆம்புலன்ஸுக்குள் இருந்தவாறே திருப்பி அனுப்பப்பட்டனர், பலர் இறந்தனர். ஏப்ரல் 1 அன்று கேரள உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. காசர்கோட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2013இல். அதன் கதவு திறந்தது 2020 ஏப்ரலில், அதுவும் கோவிட் மருத்துவமனையாக. அங்கே ஆம்புலன்ஸ் இருந்தது, ஓட்டுநர் இருந்தார், சாலையும் இருந்தது. இல்லாமற்போனது தம் மாவட்டத்திலேயே ஒரு மருத்துவமனை. அக்குறையை எந்த இறக்கையும் நிரப்பாது.

காசர்கோட்டு மக்களுக்கு ஹெலிகாப்டர் புதிதன்று. 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபானைத் தெளிக்க ஹெலிகாப்டர்கள் தலைக்குமேல் வந்தன. கிணறும் ஓடையும் வீட்டு முற்றமும் அந்தத் தூறலுக்குக் கீழேயே இருந்தன. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சுக்குத் தடை விதித்தது. 2017இல் பாதிக்கப்பட்டோருக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. எண்டோசல்ஃபான் உற்பத்தி செய்யப்பட்ட ஊர்களில் ஒன்று ஏலூர். அங்குள்ள ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் ஆலை டி.டி.டி.யோடு அதனையும் தயாரித்தது. நஞ்சைச் சுமந்து வருவதற்கு வானம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தவறாமல் திறந்திருந்தது. அந்நஞ்சால் நோயுற்ற குழந்தையைச் சுமந்து செல்ல அதே வானம் திறந்ததா என்று கேட்பது, ஹெலிகாப்டரை நேசிப்பவரின் முதற்கடமை.

ஏலூரின் சொந்த அவசரம் எத்தகையது? ஃபாக்ட் உர ஆலையும் பிற வேதி ஆலைகளும் குடியிருப்புகளோடு தோளுரசி நிற்கும் ஊர் அது. 2004 ஜூலையில் பூச்சிக்கொல்லி ஆலையின் எண்டோசல்ஃபான் பிரிவில் தீப்பற்றியது. 1994இல், வெலிங்டன் தீவில் இருந்த 10,000 டன் அமோனியாத் தொட்டியின் பயன்பாட்டை நிறுத்தக் கேரள உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு அச்சம் வலுத்திருந்தது. இவ்வூரில் பெருவிபத்து நேர்ந்தால் முதல் அரை மணி நேரத்தில் தேவைப்படுவன எவை? கசிந்தது என்ன வாயு, காற்று எத்திசையில் வீசுகிறது, எத்தெருவினர் எப்பக்கம் விலக வேண்டும் என்னும் மூன்று செய்திகள். நச்சுமேகத்துக்குள் ஹெலிகாப்டர் இறங்காது. இறங்கினால் உள்ளிருப்போரும் நோயாளிகள் ஆவர். ஏலூரின் உயிர்காப்பு சைரனிலும், ஆலை வாயிலில் மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதப்பட வேண்டிய வேதிப்பொருள் பட்டியலிலும், மின்சாரம் போனாலும் பேசும் வானொலியிலும் இருக்கிறது. மூன்றாவது, மொட்டைமாடி ஆர்வலரின் கையிலேயே உள்ளது. அவரோ அண்ணாந்து நிற்கிறார்.

வான் ஆம்புலன்ஸை நியாயப்படுத்தும் மந்திரச்சொல் 'பொன்னான ஒரு மணி நேரம்'. அமெரிக்க அறுவை மருத்துவர் ஆடம்ஸ் கௌலியின் பெயரோடு பரவிய தொடர் இது. லெர்னர், மோஸ்காட்டி என்னும் இரு ஆய்வாளர்கள் 2001இல் இதன் மூலத்தைத் தேடிச் சென்று, அந்த ஒரு மணி நேர வரையறைக்கு ஆதாரமான தரவு எதையும் காணாமல் திரும்பினர். விரைவு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதை இத்தொடர் மறைக்கிறது என்பதே பொருள். விபத்து நேர்ந்த கணத்துக்கும் அழைப்பு ஏற்கப்படும் கணத்துக்கும் இடையிலுள்ள நேரத்தை எந்த ஊர்தியும் குறைக்காது.

வெளிநாட்டு முன்மாதிரிகளை எடுத்துக்காட்டுவோர் அவற்றையும் துண்டித்தே காட்டுகின்றனர். மியூனிக்கில் 1970 நவம்பரில் 'கிறிஸ்டோஃப் 1' பறக்கத் தொடங்கியபோது, அது தரைவழி மீட்புச் சேவைக்குத் துணையாகவும், கட்டுப்பாட்டு மையத்தின் கட்டளைக்கு உட்பட்டதாகவும் அமைந்தது. துணையாக இல்லாமல் சந்தையாக வளர்ந்த அமெரிக்காவிலோ, வான் ஆம்புலன்ஸ் கட்டணத்தால் குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் அதற்குக் கடிவாளமிட்டது. தரைவழி ஆம்புலன்ஸுக்கு அச்சட்டத்தில் இடமில்லாமற்போனது தனி அவலம். இந்தியாவில் ரிஷிகேஷ் எய்ம்ஸின் 'சஞ்சீவனி' ஹெலிகாப்டர் சேவை 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம் கேதார்நாத்தில் தரையிறங்கும்போது அதன் வால்பகுதி முறிந்தது. நல்வாய்ப்பாக எவரும் இறக்கவில்லை. மலையும் காற்றும் அரசாணைக்குக் கட்டுப்படுவதில்லை.

தமிழ்நாட்டு வாசகர் இதனை அயல்மாநிலக் கதை என்று ஒதுக்க இயலாது. 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனையை அடையுமுன் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், வழி முடிந்த இடத்தோடு நின்றது. தாய் அவ்வுடலை ஏந்தி மலையேறினார். 'ஹெலிகாப்டர் இருந்திருந்தால்' என்று உடனே ஒரு குரல் எழும். அக்குழந்தைக்குத் தேவைப்பட்டவை அடிவாரத்தில் நஞ்சுமுறி மருந்து, அதனைச் செலுத்தத் தெரிந்த கை, மலைக்கு ஒரு சாலை, அலைபேசிக்கு ஒரு கோபுரம். நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் ஒவ்வொரு மலையூருக்கும் இதே பட்டியல்தான். கோபுரம் வராத ஊரில், குன்றின்மேல் ஒரு ரிப்பீட்டர், ஊருக்கொரு கைவானொலி, அடிவாரச் சுகாதார நிலையத்தில் செவிமடுக்க ஓர் ஆள் என்னும் ஏற்பாட்டை அரசு உரிமம் தந்து தாங்குமானால், அதனை நிறுவவும் பயிற்றவும் ஹாம் ஆர்வலரைவிடப் பொருத்தமானவர் எவர்? ஆகும் செலவு ஹெலிகாப்டரின் ஒரு மணி நேர வாடகையோடு ஒப்பிடத்தக்கது.

'இரண்டும் வேண்டும், ஒன்றைக் கேட்பதற்காக மற்றொன்றை ஏன் மறுக்க வேண்டும்?' என்பது நாகரிகமான எதிர்வாதம். வரவுசெலவுத் திட்டத்தில் வரிசை உண்டு. இவ்வாதமோ வரிசை இல்லாத உலகைக் கற்பித்துக்கொள்கிறது. கண்ணில் படுவது முதலில் வாங்கப்படும். படாதது அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். ஹெலிகாப்டருக்குத் தொடக்க விழா உண்டு, கொடியசைப்பு உண்டு. இரவு இரண்டு மணிக்கு 108 அழைப்பை ஏற்று, பதறும் குரலிலிருந்து ஊர்ப்பெயரைப் பிரித்தறியும் ஊழியருக்கு எந்த விழாவும் இல்லை. வட்டார வழக்கு புரியாமல் ஓர் ஊர்ப்பெயர் மாறிப்போனால் எத்தனை நிமிடங்கள் இழக்கப்படுகின்றன என்பது மொழியியல் துறைகள் எடுத்துச் செய்ய வேண்டிய ஆய்வு. வான் ஆம்புலன்ஸின் 'எழிற்கூறு' பற்றிய கருத்தரங்கக் கட்டுரையைக் காட்டிலும் அதற்கு அவசரம் மிகுதி.

'ஆம்புலன்ஸ்' என்பதன் இலத்தீன் வேர் 'நட' என்னும் வினை. போர்க்களத்தில் காயமுற்றோரிடம் தானே நடந்து சென்ற மருத்துவமனைக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயரிலிருந்து வந்தது அச்சொல். நோயாளி இருக்கும் இடத்துக்கு மருத்துவம் சென்று சேர வேண்டும் என்பதே அதன் முதற்பொருள். தலப்பாடியிலும் அல்லேரியிலும் மருத்துவம் நடக்கவில்லை. நோயாளிதான் நடந்தார், அல்லது சுமக்கப்பட்டார். நடக்கவே கற்பிக்கப்படாத ஒன்றுக்குச் சிறகு பூட்டுவதை முன்னேற்றம் என்று எழுதும் ஆய்வேடு எதுவாயினும், அதன் மேற்பார்வையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அழைத்தவர் யார், அவர் குரல் எங்கே கேட்டது?