காலியாவும் லாவோவும்

வ.உ.சி.யைக் கப்பலோட்டிய தமிழன் என்று சொல்லத் தெரியாத பிள்ளை தூத்துக்குடியில் இருக்க முடியாது. துறைமுகத்துக்கு அவர் பெயர், கல்லூரிக்கு அவர் பெயர், 1961இல் சிவாஜி நடித்து வெளிவந்த படத்துக்கும் அந்தப் பட்டமே பெயர். சரி, அவர் ஓட்டிய கப்பல்களுக்கு என்ன பெயர்? திரேஸ்புரம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பையன்களிடம் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக்கொடுத்தது சிறையில் அவர் இழுத்த செக்கைத்தான். செக்கு மனதில் நின்றுவிட்டது, கப்பல் நிற்கவில்லை.

காலியா, லாவோ. இரண்டே கப்பல்கள்தான். ஆனால் ஏன் இரண்டு என்ற கேள்வியில்தான் அந்த மனிதரின் தொழில்புத்தி முழுவதும் இருக்கிறது.

அன்றைய கடற்கரை இன்றைக்கு இருப்பதுபோல் இல்லை. இப்போதைய பெரிய துறைமுகம் 1974இல் வந்தது. அதற்கு முன்னால் இருந்த பழைய துறைமுகத்தில் கடல் ஆழம் போதாது. நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் மைல்கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சு மூட்டையும் போகவேண்டும், பயணியும் போகவேண்டும். எல்லாம் படகிலும் தோணியிலும்தான் ஏறி இறங்கின. 1876இல் ரயில் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. அதன்பிறகு கொழும்புக்குப் போகும் வியாபாரி, இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் குடும்பம், கடை வைத்திருக்கும் அண்ணனைப் பார்க்கப் போகும் தம்பி என்று எத்தனையோ பேர் இங்கே ரயிலை விட்டு இறங்கிக் கடலில் ஏறினார்கள். கப்பல் கம்பெனிகளின் வரலாற்றில் இந்தத் தோணிக்காரர்களுக்கு ஒரு வரி கிடைப்பதில்லை. அவர்கள் கை படாமல் ஒரு பயணியும் கப்பல் ஏறியதில்லை என்பதை இந்தக் கரையில் இருந்துகொண்டு நானாவது எழுதிவைக்க வேண்டும்.

அந்தப் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே ஓட ஆரம்பித்து, அரசாங்கத் தபால் ஒப்பந்தங்களின் பலத்தில் இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரவிய கம்பெனி அது. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டு ஏ. அண்டு எஃப். ஹார்வி. கோரல் மில்லும் இதே ஹார்விகளுடையது. ஊரின் நூலும் ஊரின் கடலும் ஒரே ஆபீஸில் இருந்தன.

1906இல் இதற்குப் போட்டியாக வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி இறங்கியபோது அதனிடம் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயில் ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடமிருந்து கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பயணிகள் வரத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனி பயணிகளிடம் போய் நிற்கவில்லை. நேராகக் கப்பல் கொடுத்தவரிடம் போனது. வந்த நெருக்கடியில் ஷாலைன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. ஒரே நாளில் கம்பெனி இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, கப்பல் இல்லை என்ற நிலைமை. வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார். இரவல் கப்பலில் சுதேசியம் நடத்த முடியாது என்பது அப்போதே அவருக்குத் தெளிவாகிவிட்டது.

அக்டோபர் 16ஆம் தேதி கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர்கள் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று வைத்தார்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது 2 லட்ச ரூபாய்க்கு வாங்கினார். கம்பெனியின் ஐந்தில் ஒரு பங்கு ஒரு இஸ்லாமிய வணிகரின் பணம். மேடையில் வ.உ.சி.யைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் இறங்கக்கூடாது என்பது என் ஆசை.

பணம் சேர்ந்ததும் வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மகன் உலகநாதனுக்குக் காய்ச்சல், மனைவி கர்ப்பிணி. கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக ஊரில் இன்றும் சொல்வார்கள். காலியாவோடு திரும்பினார். கம்பெனியின் சார்பில் வேதமூர்த்தி என்பவர் பிரான்சுக்குப் போய் லாவோவை வாங்கினார். 1907இல் இரண்டும் தூத்துக்குடிக் கடலில் நின்றன. காலியாவில் முதல் வகுப்புக்கு 42 பேர், இரண்டாம் வகுப்புக்கு 24 பேர், சாதாரண வகுப்புக்கு 1,300 பேர். அதுபோக 4,000 மூட்டை சரக்கு. சாதாரண வகுப்பின் கணக்கைப் பாருங்கள். இது கனவான்களுக்கென்று வாங்கின கப்பல் இல்லை. பாரதி தன்னுடைய ‘இந்தியா’ பத்திரிகையில் இதைக் கொண்டாடி எழுதியதில் வியப்பில்லை.

ஒரு கப்பல் கொழும்பிலிருந்து வரும்போது இன்னொன்று இங்கிருந்து போகும். ஒன்று பழுது பார்க்க நின்றால் மற்றது ஓடும். நாளை கப்பல் உண்டா இல்லையா என்ற சந்தேகம் பயணிக்கு வரக்கூடாது. வந்துவிட்டால் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர் நிச்சயமாகப் போகும் கப்பலைத்தான் தேடுவார். வக்கீல் தொழில் பார்த்த ஓட்டப்பிடாரத்துக்காரர் இதை எங்கே கற்றார் என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

பிறகு நடந்த கட்டணச் சண்டை பலருக்குத் தெரிந்த கதை. வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறங்கியது, சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள் என்பார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே கப்பல் விட்டபோதும் இதே சண்டைதான் நடந்தது. அங்கே இலவசப் பயணத்தோடு தின்பண்டமும் கொடுத்துக் கடைசியில் அவரே கடனாளியானார். ஆழமான பணப்பை உள்ளவன் நஷ்டத்தை ஓர் ஆயுதமாகப் பிடிக்கலாம். 25 ரூபாய்ப் பங்குதாரர்களை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாங்க முடியும்?

இருந்தாலும் கட்டணம் மட்டுமே கம்பெனியை வீழ்த்தியதாக நான் நினைக்கவில்லை. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. அவர்களோடு நின்றார், வென்றும் கொடுத்தார். ஹார்விக்கு மில்லிலும் அடி, கடலிலும் அடி. மார்ச் 12ஆம் தேதி அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், மேல்முறையீட்டில் அது குறைந்தது. வெளியே கம்பெனி ஆளில்லாமல் தத்தளித்து 1911இல் கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் காலியாவை வாங்கினாரோ அந்தக் கம்பெனிக்கே காலியா விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையாகி அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. சிறைக்கொடுமையை விட எனக்கு இதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

இரண்டு வருஷத்தில், 1914இல், தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்தது. கொழும்புப் பயணிகள் பெரும்பாலும் அந்தக் குறுகிய கடலுக்குப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 5ஆம் தேதியைத் தேசியக் கடல்சார் தினமாக நாடு கொண்டாடுகிறது. 1919இல் அன்றைக்கு சிந்தியா என்ற இந்தியக் கப்பல் கம்பெனியின் ‘லாயல்டி’ பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அதுவும் பயணிக் கப்பல்தான். கனடியன் பசிபிக் கம்பெனியின் ‘எம்பிரஸ் ஆஃப் இந்தியா’வாகப் பிறந்து, குவாலியர் மகாராஜாவின் கைக்கு வந்து மருத்துவக் கப்பலாகி, பிறகு சிந்தியாவிடம் வந்தது. அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் பகை ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் கம்பெனிகளோடு அவர்களும் சளைக்காமல் மோதினார்கள். ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே சாதாரண வகுப்பில் ஆயிரத்து முந்நூறு பேருக்கு இடம் வைத்திருந்த ஒரு கப்பல் தென்கோடியில் ஓடியிருக்கிறது. கடல்சார் தினக் கூட்டங்களில் காலியாவின் பெயரும் ஒலிக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கையாகாது.

சுதேசிக் கம்பெனி கலைந்து நூறு வருஷம் கழித்து, 2011 ஜூன் 13ஆம் தேதி ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. அமைச்சர் ஜி.கே. வாசன் தொடங்கிவைத்தார். ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய பெரிய கப்பல். ஒரே கப்பல். அந்த வருஷம் முடிவதற்குள் நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘செரியபாணி’ போனது. அதுவும் ஒற்றைக் கப்பல். சில நாளிலேயே பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில்தான் ‘சிவகங்கை’ அந்த வழியில் ஓட வந்தது.

ஒவ்வொரு முறையும் தொடக்க விழாவுக்குச் செலவழிக்கிறோம், இரண்டாவது கப்பலுக்குச் செலவழிப்பதில்லை. பழைய துறைமுகத்தில் இன்றும் தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகின்றன. ஒரு தோணி கரை ஏறிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த தோணியில் சரக்கு போகும். இங்கே தோணி ஓட்டும் தண்டல் எவருக்கும் இது பாடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூத்துக்குடி – கொழும்புப் பயணிக் கப்பலை மறுபடியும் விடப்போவதாக அடுத்த முறை அறிவிப்பு வரும்போது, ஆயிரம் பேர் ஏறும் ஒரு கப்பலுக்குப் பதில் இருநூறு முந்நூறு பேர் ஏறும் இரண்டு கப்பல்களைக் கேட்போம். முதல் சில வருஷ நஷ்டத்தை அரசாங்கம் ஏற்கட்டும். பங்குகளையும் சின்னத் தொகைக்குப் பிரித்துப் பொதுமக்களுக்கு விற்கட்டும். நான் வாங்குவேன், திரேஸ்புரத்தில் இன்னும் பல பேர் வாங்குவார்கள். கப்பல்களுக்குப் பெயர் தேடவேண்டிய சிரமமும் இல்லை.