பிரட்டுக்களப் பிரகடனம்

அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து கூடியிருக்கும் நாங்கள் அறிவிப்பது:

மேல் டிவிசனில் ஒரு சங்கம், கீழ் டிவிசனில் இன்னொன்று, லயத்து வரிசை வீடுகளில் ஒரு சுவர் தாண்டினால் மூன்றாவது. சம்பளப் பேச்சு வந்தால் கம்பெனிகள் ஒரே குரலில் பேசுகின்றன. நாங்கள் தனித்தனியாகப் போய் நிற்கிறோம். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பினோம். மறு வருடமே பிரஜாவுரிமை பறிபோனது. பிறகு தலைமைச் சண்டை. ஐம்பதுகளில் தலைவர்களில் ஒருவரான அஸீஸ் பிரிந்தார், 1965இல் வெள்ளையன் தனிச் சங்கம் கண்டார். இடையில், 1964இல், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து எங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். ஆடு பிரிக்கிறவன்கூட ஆட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பிரிப்பான்.

"ஒன்றுபடுங்கள்" என்று சொல்லாத மேடை இல்லை. யாருக்குக் கீழே என்பதுதான் கேள்வி. சேர சோழ பாண்டியர் தமக்குள் அடித்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். கிரேக்கர் கதையில் பாடம் இன்னும் துலக்கம். பாரசீகப் படையைத் துரத்தியபின் முப்பத்தொரு நகரங்களின் பெயர்களை ஒரே வெண்கலத் தூணில் பொறித்து டெல்பியில் வைத்தார்கள். சின்னஞ்சிறு ஊர்களும் அதில் உண்டு. அது நீடிக்கவில்லை. கி.மு. 478இல் ஏதென்ஸ் ஒரு கூட்டணி அமைத்தது. நகரங்கள் கப்பலோ சந்தாவோ கொடுக்கவேண்டும், பணப்பெட்டி டெலோஸ் தீவில் இருக்கும் என்பது ஏற்பாடு. விலகப் பார்த்த நக்சோசை முற்றுகையிட்டு அடக்கினார்கள். கி.மு. 454இல் பெட்டியே ஏதென்சுக்குப் போனது, சந்தா கப்பமாயிற்று. கடைசியில் மாசிடோனிய மன்னன் பிலிப் போரில் வென்று, கி.மு. 337இல் கொரிந்தில், ஸ்பார்ட்டா நீங்கலாக, எல்லோரையும் ஒன்றாக்கினான். இரண்டே வருடத்தில், எதிர்த்தெழுந்த தீபஸ் நகரை அவன் மகன் அலெக்சாந்தர் தரைமட்டமாக்கினான்.

எங்களுக்கு பிலிப்பும் வேண்டாம், ஏதென்சும் வேண்டாம்.

இருக்கும் சங்கத்தை விட்டு யாரும் வரத் தேவையில்லை. இந்தக் கூட்டுக்கு ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கட்டாயம் கொழுந்தெடுக்கும் பெண். மலையில் கூடை சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தலைவர் நாற்காலியில் அவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேரும் காசு கொழும்புக்குப் போகாது. சம்பளத்துக்கு மறுநாள் அந்தந்தத் தோட்டத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில், கணக்கு சத்தமாக வாசிக்கப்படும். விலக நினைக்கும் டிவிசன் விலகலாம். அது போட்ட காசில் மிச்சம் அதனோடு போகும். நக்சோசை நாங்கள் மறக்கமாட்டோம்.

கேட்பவை: வாழ்வதற்குப் போதுமான நாட்சம்பளம்; லயக் காம்பராவுக்குப் பதில் காணியும் அதற்கு எங்கள் பெயரில் உறுதியும். கூட்டாக ஒத்துக்கொள்ளாத எதையும் தனியாகப் போய்ப் பேசுவதில்லை என்று இங்கு வந்த ஒவ்வொரு டிவிசனும் வாக்குக் கொடுத்திருக்கிறது.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வந்தால் கொடி வரும், கொடி வந்தால் அதை யார் ஏற்றுவது என்று சண்டை வரும். ஆகவே கீழே தோட்டங்களின் பெயர்கள் மட்டும், அகர வரிசையில். பக்கத்தில் கையெழுத்துகளும் கைநாட்டுகளும்.