சூரியன் ஓய்வெடுத்த நாட்கள்

செய்யூர் உப்பளத்தில் பாடுபடுகிறவருக்கு முதலாளி யார்? சூரியன்தான்! வெயில் காய்ந்தால் உப்பு விளையும். மழை பெய்தால் நஷ்டம். அதே ஊரில் நெல் நட்டவரோ, மழை வராதா என்று ஏங்குகிறார்.

அந்தச் சூரியனுக்கும் ஓய்வு உண்டு. நம்புவீர்களா?

சூரியன் மேல் கரும்புள்ளிகள் தோன்றுவது உண்டு. அவை காந்த சக்தி மிகுந்த இடங்கள். சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை அவை பெருகும், பிறகு குறையும். புள்ளியே இல்லாத நாட்களும் வரும். அதுதான் ஓய்வுக் காலம். அதனால் வெயில் குறைந்துவிடாது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான்!

பஞ்சம் எழுப்பிய கேள்வி

1876-ல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. "மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா?" என்ற கேள்வி எழுந்தது. கொடைக்கானல் மலையில் 1899-ல் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட அதுவும் ஒரு காரணம். அங்கே 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள்.

சூரியன் நம் பார்வையில் ஒரு முறை சுற்றி வர சுமார் 27 நாட்கள் ஆகும். அந்த நாட்களின் படங்களை வரிசையாக இணைத்தால், சூரியன் முழுவதற்கும் ஒரு தேசப்படம் போலக் கிடைக்கும். இப்படி நூறு ஆண்டுப் படங்களை ஒப்பிடலாம்.

எண்ணிக்கை போதுமா?

1913-ல் 311 நாட்கள் புள்ளியே இல்லை. 2008-ல் 266 நாட்கள். 2019-லும் 270 நாட்களுக்கு மேல்.

2008, 2019 இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் தெரிகின்றன. ஆனால் முன்னதற்குப் பின் வந்த சுற்று, நூறு ஆண்டுகளில் மிகப் பலவீனமானது. பின்னதற்குப் பின் வந்ததோ அதைவிட வலுவானது!

ஏன் இந்த வித்தியாசம்? ஓய்வுக் காலத்தில் சூரியனின் வட, தென் துருவங்களில் இருக்கும் காந்த வலிமைதான் அடுத்த சுற்றின் வேகத்தை முன்கூட்டிக் காட்டுகிறது. அந்த வலிமையின் அடையாளம் கொடைக்கானல் பழைய படங்களிலும் இருக்கிறது. ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது. படமும் வேண்டும்.

நமக்கு என்ன லாபம்?

மழைக்கும் கரும்புள்ளிக்கும் உள்ள தொடர்பு இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் சூரியன் சீறினால் செயற்கைக் கோள்கள் பழுதாகலாம். கடலில் புயல் உருவாவதைக் காட்டுபவை அவைதான். கடலூர் முதல் செய்யூர் வரை கரையோரக் குடும்பங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை அல்லவா?

வரவு இல்லாத நாளிலும் கணக்கு எழுதி வைப்பவள்தான் கெட்டிக்கார இல்லத்தரசி. "இன்று புள்ளி இல்லை" என்ற படமும் அப்படிப்பட்ட கணக்குதான். ஒன்றும் இல்லாத நாளிலும் சலிக்காமல் படம் எடுத்தார்களே, அவர்கள் செய்தது பெரிய தொண்டு!

அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளைக் கண்போல் காக்க வேண்டும். அவற்றின் கதையைப் பள்ளிகளில் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் தினம் மழை அளவைக் குறித்து வரலாம். மழை இல்லாத நாளில் "இல்லை" என்று எழுதட்டும்.

ஒரு எச்சரிக்கை: சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். பார்வை போய்விடும்!